புதுப்பயனரிடம் எப்படிச் சொல்வது? தமிழ் விக்கிப்பீடியாவில் திருத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. இங்கே யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். புதிதாக வந்து எழுதுகிறவருக்கு உதவ எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன. அவரைத் திருத்துகிறவருக்கு வரும் ஐயங்களுக்குத்தான் ஓரிடத்தில் விடை இல்லை. அண்மைய மாற்றங்களை (கடைசியாகச் செய்த திருத்தங்களின் பட்டியலை) கவனிப்போர் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்ட விதமாகவே கீழே தொகுத்திருக்கிறோம்.

புதுப்பயனர்னு யாரைச் சொல்றோம்? இத்தனை தொகுப்பு (சேமித்த திருத்தம்) வரைக்கும்னு கணக்கு இருக்கா?

கணக்கு வேண்டாம். அவர் செய்த தொகுப்புகளைப் பட்டியலிடும் பங்களிப்புகள் பக்கத்தையும், பிறர் அவருக்குச் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். ஒரு நிமிட வேலை. நேற்று கணக்குத் தொடங்கி இன்று முதல் கட்டுரை எழுதுகிறவர் புதியவர்தான். இரண்டு ஆண்டுகளாக எழுத்துப்பிழை மட்டும் திருத்திவிட்டு இன்று முதன்முறையாகப் படம் பதிவேற்றுகிறவரும் அந்த வேலைக்குப் புதியவரே. ஆங்கில விக்கிப்பீடியாவில் நீண்ட அனுபவம் உள்ளவர்கூட இங்குள்ள தலைப்பிடும் மரபு தெரியாமல் தடுமாறலாம்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இதே விசயத்தை இதற்குமுன் யாராவது அவரிடம் சொல்லியிருக்கிறார்களா? இல்லையென்றால் அவருக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தப்பு தப்புதானே. நேரா சொல்லிட்டுப் போறதுல என்ன பிரச்சினை?

நேராகச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். கனிவு என்றால் தவறைக் கட்டுரையில் விட்டுவைப்பது என்று பொருளில்லை. அப்படி விட்டால் வாசகருக்குக் கெடுதி, எழுதியவருக்கும் கெடுதி. ஆறு மாதம் கழித்து அவருடைய முப்பது கட்டுரைகளை ஒருவர் மொத்தமாக நீக்கப் பரிந்துரைப்பது, முதல் கட்டுரையிலேயே ஒரு வார்த்தை சொல்வதைவிடக் கொடுமையானது.

எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் அவர் தங்குவதும் போவதும் இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பான பங்களிப்பாளர் எண்ணிக்கை 2007-இல் உச்சத்தைத் தொட்டு, பிறகு சரியத் தொடங்கியது. அதை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, நல்ல நோக்கத்தோடு வந்த புதியவர்களின் முதல் தொகுப்புகள் முன்பைவிட அதிகமாக நிராகரிக்கப்பட்டதையும், அப்படி நிராகரிக்கப்பட்டவர்கள் தொடர்வது குறைந்ததையும் சுட்டியது. விசமத்தை (வேண்டுமென்றே கட்டுரையைக் கெடுப்பதை) தடுக்க உருவாக்கிய தானியங்கிக் கருவிகள் நல்லவர்களையும் சேர்த்து விரட்டின. ஆங்கிலத்தில் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். தமிழில் மட்டக்களப்புக் கூத்தைப் பற்றியோ கொங்கு நாட்டு ஏற்றத்தின் உறுப்புகளைப் பற்றியோ எழுதக்கூடிய ஒருவர் மனம் நொந்து போனால், அந்தக் கட்டுரை எழுதப்படாமலே போகும்.

சரி, முதல் செய்தியில என்னதான் எழுதணும்? ஒரு மாதிரி காட்டுங்களேன்.

வழக்கமாக வரும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் தன் ஊரைப் பற்றி எழுதுகிறார்: “எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் அழகிய கிராமம். இங்குள்ள அம்மன் மிகவும் சக்தி வாய்ந்தவர்.” அதன் கீழே வட்டம், ஊராட்சி ஒன்றியம், பக்கத்து நகரத்திலிருந்து தொலைவு. இதற்கு “இது கலைக்களஞ்சிய நடை அல்ல. கொள்கைகளைப் படித்துவிட்டு எழுதவும்” என்று ஒரு வரி போட்டால் அவருக்கு ஒன்றும் புரியாது. எந்த வரி தவறு? எந்தக் கொள்கை? எங்கே இருக்கிறது? இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கம். நீங்கள் தொடங்கிய ஊர்க் கட்டுரையில் வட்டம், ஒன்றியம், தொலைவு ஆகியவை தெளிவாக உள்ளன. ‘எழில் கொஞ்சும்’, ‘சக்தி வாய்ந்த’ என்ற இரண்டு தொடர்களை நீக்கியிருக்கிறேன். இவை ஒருவரின் கருத்து என்பதால் கலைக்களஞ்சியத்தில் எழுதுவதில்லை. அவற்றுக்குப் பதில், திருவிழா எந்த மாதம், எத்தனை நாள் என்று அச்சான ஏதேனும் ஒரு மூலத்தைக் காட்டி எழுதலாம். மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பு எண்ணை மேற்கோளோடு சேர்க்க முடியுமா? எப்படி என்று தெரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள், செய்து காட்டுகிறேன்.”

எது நிற்கிறது, எதை மாற்றினேன், ஏன், அடுத்து நீங்கள் செய்யக்கூடியது எது, எங்கே கேட்கலாம் என்ற வரிசையைக் கவனியுங்கள். பாராட்டு குறிப்பானதாக இருக்க வேண்டும். “அருமையான முயற்சி, வாழ்த்துகள், ஆனால்…” என்று தொடங்கினால் ‘ஆனால்’ வரும்வரை உள்ளதை யாரும் நம்புவதில்லை. கடைசியில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டுக் கையெழுத்திடுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாத செய்தி அதிகாரி ஓலை போல இருக்கும்.

கட்டுரைல பத்துத் தவறு இருக்கு. பத்தையும் சொல்லிடலாமா?

சொல்லாதீர்கள். இரண்டைச் சொல்லுங்கள், மீதி எட்டை நீங்களே திருத்திவிடுங்கள். எந்த இரண்டு என்பதில்தான் உங்கள் அனுபவம் வேண்டும். அடுத்த கட்டுரையிலும் திரும்ப வரக்கூடியது, வந்தால் கட்டுரையே நீக்கப்படக்கூடியது: இவை முதலில். பெரும்பாலும் அது மேற்கோள் இல்லாமை, அல்லது வேறிடத்திலிருந்து அப்படியே எடுத்தது. பகுப்பு (கட்டுரையின் வகை) இல்லை, உள்ளிணைப்பு (மற்றக் கட்டுரைகளுக்கான இணைப்பு) இல்லை, தலைப்பில் தேவையற்ற புள்ளி என்பவற்றையெல்லாம் பேசவே வேண்டாம். நீங்கள் சேர்த்ததைப் பார்த்து அடுத்த முறை அவரே செய்வார். இப்படித்தான் பலரும் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒற்றுப்பிழை நிறைய விடுறாங்க. அதையும் சொல்லக் கூடாதா?

அமைதியாகத் திருத்துங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது காரணம் எழுதும் சிறு கட்டத்தில்) “ஒற்று, எழுத்துத் திருத்தம்” என்றால் போதும். தமிழில் எழுதத் தெரியவில்லை என்று பொதுவெளியில் ஒருவரிடம் சொல்வது, மேற்கோள் இல்லை என்று சொல்வதைப் போல எளிதாகக் கடந்துபோகக் கூடியது இல்லை, ஆழமாகப் புண்படுத்தும். அவரே கேட்டால் விரிவாகச் சொல்லிக்கொடுங்கள். அப்போதும் அவர் கட்டுரையிலிருந்து மூன்று எடுத்துக்காட்டு காட்டினால் போதும், இலக்கணப் பாடம் வேண்டாம்.

புதுசா ஒருத்தர் எல்லா இடத்துலயும் ‘பெப்ரவரி’ன்னு எழுதுறார். ‘பிப்ரவரி’ன்னு மாத்தச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. பெப்ரவரி, அவுஸ்திரேலியா, மாநகர சபை ஆகியவை இலங்கைத் தமிழ் வழக்கு. பிப்ரவரி, ஆஸ்திரேலியா, மாநகராட்சி ஆகியவை தமிழ்நாட்டு வழக்கு. இரண்டில் எதுவும் பிழையில்லை. இலங்கை தொடர்பான கட்டுரையில் இலங்கை வழக்கே பொருந்தும். தமிழ்நாட்டிலிருந்து திருத்துகிறவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஒருவர் பிறந்ததிலிருந்து எழுதிவந்த சொல்லைப் பிழை என்று குறிப்பது அவருடைய ஊரையே பிழை என்று சொல்வதாகப் போய் முடியும். கிரந்த எழுத்து பற்றிய வாதமும் அப்படித்தான். அதைப் புதியவர் பேச்சுப் பக்கத்தில் நடத்தாதீர்கள், எல்லோரும் கூடிப் பேசும் ஆலமரத்தடிப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள்.

கட்டுரை வந்த உடனே திருத்தலாமா, கொஞ்சம் காத்திருக்கணுமா?

காத்திருங்கள். புதியவர்கள் ஒரு பத்தி எழுதுவார்கள், சேமிப்பார்கள், அடுத்த பத்தி எழுதுவார்கள். நடுவில் நீங்கள் ஒரு காற்புள்ளியைச் சேர்த்துச் சேமித்தாலும், அவர் அடுத்து சேமிக்கும்போது தொகுத்தல் முரண் என்ற அறிவிப்பு வரக்கூடும். இரண்டு பதிப்புகள் மேலும் கீழுமாகத் திரையில் நிற்கும். அதைக் கையாளத் தெரியாமல் பக்கத்தை மூடுகிறவர் அரைமணி நேரம் தட்டச்சு செய்ததை இழப்பார். அதற்குப் பிறகு அவர் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

கட்டுரையின் பழைய பதிப்புகளைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் கடைசிச் சேமிப்பின் நேரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது ஆகியிருந்தால் தொடங்கலாம். மறுநாள்வரை விட்டாலும் பெரும்பாலான கட்டுரைகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இதற்கு மூன்று விலக்குகள் உண்டு: பதிப்புரிமை மீறல், உயிரோடிருப்பவர் மீது ஆதாரமில்லாத குற்றச்சாட்டு, ஒருவரின் தொலைபேசி எண் போன்ற தனிவிவரம். இவற்றை உடனே எடுக்க வேண்டும். தனிவிவரம் என்றால் பழைய பதிப்பிலும் மறைக்கும்படி, பக்கங்களை நீக்கவும் தடை செய்யவும் அதிகாரமுள்ள நிருவாகியிடம் சொல்லுங்கள்.

மீளமைச்சா (ஒருத்தர் செஞ்ச மாற்றத்தை எடுத்துட்டுப் பழையபடி ஆக்கினா) அவருக்கே அறிவிப்பு போகுதே. தனியா வேற செய்தி எழுதணுமா?

அந்த அறிவிப்பு “உங்கள் தொகுப்பு மீளமைக்கப்பட்டது” என்று மட்டும்தான் சொல்லும். காரணத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரே சொடுக்கில் முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும் (முன்னிலையாக்கும்) வசதி உள்ளவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த வசதியில் காரணம் எழுத இடமே வராது, ஆயத்தமான சுருக்கம் ஒன்று தானாகப் பதிவாகிவிடும். அதை வெளிப்படையான விசமத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நோக்கத்தோடு செய்த தவறுக்கு, சுருக்கம் எழுத இடம் தரும் சாதாரண மீளமைப்பைப் பயன்படுத்துங்கள். “மேற்கோள் தேவை, பேச்சுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்” என்பதே போதுமான சுருக்கம்.

அதற்கு முன் ஒன்று: மீளமைக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஐந்து வரி சேர்த்ததில் ஒரு வரிதான் தவறென்றால், அந்த ஒரு வரியை எடுங்கள். நான்கு வரி நிற்கட்டும்.

வரவேற்பு வார்ப்புரு, எச்சரிக்கை வார்ப்புரு எல்லாம் இருக்கே, அதைப் போட்டா போதாதா?

வார்ப்புரு என்பது ஆயத்தமாக எழுதிவைத்த செய்திப் பெட்டி. வரவேற்பு வார்ப்புரு நல்லது. உதவிப் பக்கங்களுக்கான இணைப்புகள் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆனால் அதற்கு அடுத்த நொடியே நீக்கல் அறிவிப்பு வார்ப்புரு, அதன் கீழே படத்துக்கு உரிமம் இல்லை என்ற வார்ப்புரு என்று அடுக்கினால், சிவப்பும் மஞ்சளுமான பெட்டிகளைப் பார்த்து ஏதோ வழக்குப் போட்டுவிட்டார்கள் என்றே புதியவர் நினைப்பார். வார்ப்புரு இட்டே ஆகவேண்டிய இடத்தில், அதன் கீழே உங்கள் சொந்தச் சொற்களில் இரண்டு வரி எழுதுங்கள்.

வயசுல சின்னவங்கதான்னு தெரியுது. ‘தம்பி’ன்னு கூப்பிட்டா நெருக்கமா இருக்காதா?

‘நீங்கள்’ என்றே எழுதுங்கள். பயனர்பெயரை வைத்து வயதையோ பாலையோ ஊரையோ ஊகிக்க முடியாது. ‘தம்பி’ என்று அழைக்கப்பட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையாக இருக்கலாம். நேரில் அன்பாக ஒலிக்கும் ‘தம்பி’, திருத்தத்தோடு சேர்ந்து எழுத்தில் வரும்போது ‘உனக்கு இன்னும் தெரியவில்லை’ என்ற தொனியைத் தந்துவிடுகிறது. அவரே ‘அண்ணா’, ‘அக்கா’ என்று தொடங்கினால் பார்த்துக்கொள்ளலாம்.

நாளிதழ்ச் செய்தியை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கார். இதுக்குமா கனிவு?

உரையை உடனே எடுங்கள். முன்பு சொன்ன விலக்குகளில் இது முதலாவது. பேசும்போது மட்டும் ‘திருட்டு’ என்ற சொல் வேண்டாம். பள்ளியில் கட்டுரை என்றாலே பார்த்து எழுதுவதுதான் என்று பழகியவர்கள் பலர். பெயர் போட்டால் போதும் என்றும் நினைக்கிறார்கள். காரணத்தை விளக்குங்கள்: விக்கிப்பீடியாவில் எழுதும் உரை கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தின்கீழ் வெளியாகிறது. பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிட்டால், அதை யாரும் எடுத்து விற்கக்கூட முடியும். அந்த அனுமதியைக் கொடுக்க நாளிதழால்தான் முடியும், ஒட்டியவரால் முடியாது. செய்தியில் உள்ள தகவலை எடுத்துத் தன் சொற்களில் எழுதி, அந்தச் செய்தியை மேற்கோளாகக் காட்டலாம். வாய்ப்பிருந்தால் முதல் இரண்டு வரிகளை நீங்களே அப்படி எழுதிக் காட்டுங்கள்.

ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: “இது நீங்களே முன்பு எழுதி வெளியிட்டதா?” சில சமயம் ஆமாம் என்று பதில் வரும். அப்போது, அவர் முதலில் வெளியிட்ட இடத்திலேயே அந்த உரிமத்தை அறிவித்தாலோ, விக்கிமீடியாவின் அனுமதிக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினாலோ உரையைத் திரும்பக் கொண்டுவரலாம்.

தன்னைப் பத்தியே கட்டுரை எழுதியிருக்கார். நீக்கணும், ஆனா மனசு கஷ்டப்படுமே?

நீக்குவதற்கு முன் எழுதுங்கள். நீக்கிய பிறகு அந்த உரையை நிருவாகிகள் மட்டுமே பார்க்க முடியும்; எழுதியவர் கண்ணுக்கு அது மறைந்துவிடும். “இந்தத் தலைப்புக்குத் தனிக்கட்டுரை அமைய, உங்களோடு தொடர்பில்லாதவர்கள் உங்களைப் பற்றி விரிவாக எழுதிய மூலங்கள் வேண்டும். இப்போது அவை கிடைக்கவில்லை. இதிலிருந்து உங்கள் துறை, ஆர்வம் பற்றிய இரண்டு மூன்று வரிகளை உங்கள் பயனர் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.” குறிப்பிடத்தக்கமை (தனிக்கட்டுரைக்கான தகுதி) என்பது அவருடைய வாழ்க்கைக்கு நாம் இடும் மதிப்பெண் இல்லை, மூலங்கள் பற்றிய கேள்வி, இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். “நீங்கள் குறிப்பிடத்தக்கவர் அல்ல” என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

பணி செய்யும் நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறவருக்கும் இதே முறைதான். ஊதியம் பெற்று எழுதுகிறார் என்றால் அதை வெளிப்படுத்துவது கட்டாயம் என்பதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

கூகுள்ல மொழிபெயர்த்து ஒரே நாள்ல இருபது கட்டுரை போடுறாங்க. யார் திருத்துறது?

இங்கே தாமதம் யாருக்கும் நன்மை செய்யாது. இருபதையும் பார்க்காதீர்கள், ஒன்றை எடுத்து, ஒரு பத்தியைத் திருத்தி, மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான ஒப்பீட்டு இணைப்பை அவருக்கு அனுப்புங்கள். “புதிய கட்டுரை தொடங்குவதைச் சில நாள் நிறுத்திவிட்டு, முதல் மூன்றை இதேபோல் சரிசெய்யுங்கள், பிறகு சேர்ந்து பார்ப்போம்” என்று கேளுங்கள். வினைமுற்று எழுவாயோடு ஒட்டாமை, ஒரே பெயர் மூன்று விதமாக வருதல், ஆங்கிலத்தின் நீண்ட வாக்கியம் உடையாமல் நிற்றல்: இந்த மூன்றைக் காட்டினாலே மற்றவை அவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். வேகமாகச் செய்கிறவரிடம் ஆர்வம் இருக்கிறது. கட்டுரை எண்ணிக்கையில்தான் மதிப்பு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

மூணு தடவை எழுதிட்டேன், பதிலே இல்லை. வேணும்னே கண்டுக்காம இருக்கார்னுதானே அர்த்தம்?

அப்படி முடிவுகட்ட முடியாது. கைப்பேசியில் தொகுக்கிறவர்களுக்கு அறிவிப்பு கண்ணில் படாமல் போகலாம். பேச்சுப் பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாமலும் இருக்கலாம். எங்கே எழுதினீர்கள் என்றும் பாருங்கள். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் அவர் பெயரை இணைத்து எழுதியிருந்தால், அதே சேமிப்பில் உங்கள் கையெழுத்தும் இருந்தால்தான் அவருக்கு அறிவிப்பு போகும். பிறகு வந்து கையெழுத்தை மட்டும் சேர்த்தால் போகாது. அவருடைய சொந்தப் பேச்சுப் பக்கத்தில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொரு வழி, அவர் செய்த நல்ல தொகுப்பு ஒன்றுக்கு வரலாற்றுப் பக்கத்திலிருந்து ‘நன்றி’ அனுப்புவது. அது அறிவிப்பாகப் போய்ச் சேரும், அதைத் திறக்கும்போது மற்றச் செய்திகளும் கண்ணில் படலாம்.

கல்லூரிப் பயிலரங்கு நடக்குது போல. நாற்பது மாணவர்கள் ஒரே நேரத்துல எழுதுறாங்க, எல்லாம் கலவரமா இருக்கு. என்ன செய்யலாம்?

நாற்பது பேருக்கும் தனித்தனியாக எழுதாதீர்கள். யார் நடத்துகிறார் என்று கண்டுபிடித்து அவரிடம் பேசுங்கள். மாணவர்கள் ஒரே பொது மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் பக்கத்தில்) எழுதினால் தொகுத்தல் முரண் ஓயாது. ஒவ்வொருவரும் தத்தம் பயனர் துணைப்பக்கத்தில் எழுதி, ஆசிரியர் பார்த்த பிறகு கட்டுரையாக நகர்த்தினால் உங்கள் வேலை பெருமளவு குறையும்.

நடத்துகிறவர்களுக்கும் ஒரு செய்தி: ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குகள்தான் தொடங்க முடியும். ஏழாவது மாணவருக்குப் பிழைச் செய்தி வரும். உடனே நண்பரின் கணக்கிலேயே இருவர் எழுதத் தொடங்குவார்கள், அது விதிமீறல். முந்தைய நாளே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள், அல்லது இந்த வரம்பைத் தளர்த்த முன்கூட்டியே கேளுங்கள். நாள், இடம், மாணவர் எண்ணிக்கை, பொறுப்பாளர் பயனர்பெயர் ஆகிய நான்கையும் ஆலமரத்தடியில் அறிவித்துவிட்டால், அன்று கவனிப்பவர்கள் பொறுத்துப் பார்ப்பார்கள்.

நல்லபடியா சொன்னேன், அவர் என்னைத் திட்டி எழுதிட்டார். இப்ப?

அன்றைக்குப் பதில் எழுதாதீர்கள். மணிக்கணக்கில் உழைத்த ஒன்று அழிந்ததைப் பார்த்தவுடன் வந்த சொற்கள் அவை. மறுநாள், திட்டை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். “நீங்கள் என்ன பெரிய ஆளா, என் கட்டுரையை நீக்க?” என்பதில்கூட ‘நீக்கும் உரிமை யாருக்கு?’ என்ற நியாயமான கேள்வி இருக்கிறது. அவர் திரும்ப மாற்ற, நீங்கள் திரும்ப மீளமைக்க என்று போகாதீர்கள். இரண்டாவது முறையோடு நிறுத்தி வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதி, மதம், பாலினம் சார்ந்த வசை, மிரட்டல் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நேரே நிருவாகிகளிடம் கொண்டுபோங்கள்.

இது விசமமா, தெரியாம செஞ்சதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

தெரியவில்லை என்றால் தெரியாமல் செய்தது என்றே கொள்ளுங்கள். கட்டுரையின் நடுவில் “கககக” என்று இருந்தால் யாரோ பொத்தானைச் சோதித்திருக்கிறார்; மீளமைத்துவிட்டு மணல்தொட்டிக்கு வழிகாட்டுங்கள். ஒரு பத்தி முழுதும் மறைந்திருந்தால், தவறான தகவலைக் கண்டு எடுத்தாரா, கைப்பேசியில் விரல் பட்டுப் போனதா என்று கேளுங்கள். பிறந்த ஆண்டு, மக்கள்தொகை போன்ற எண்களை மேற்கோள் இல்லாமல் பல கட்டுரைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. பங்களிப்புகள் பக்கத்தில் அந்த வரிசை தெரியும். அதைக் காட்டி விளக்கம் கேளுங்கள், பதிலின்றித் தொடர்ந்தால் தடை கோரலாம்.

அனுபவமுள்ள ஒருத்தர்தான் புதுசா வர்றவங்ககிட்ட கடுமையா பேசுறார். அவரை யார் கேட்கறது?

நீங்கள் கேட்கலாம், ஆனால் அந்தப் புதியவரின் பேச்சுப் பக்கத்தில் வேண்டாம். அங்கே இரண்டு மூத்தவர்கள் மோதினால் அவர் இன்னும் மிரள்வார். அந்தப் பக்கத்தில், கடுமையாகச் சொல்லப்பட்டதையே மென்மையாக விளக்கி உதவ முன்வாருங்கள். மூத்தவரிடம் தனியாக, குறிப்பிட்ட செய்தியின் இணைப்பைக் கொடுத்துப் பேசுங்கள். பெரும்பாலும் அவர் ஒரே பிழையை நூறாவது முறையாகத் திருத்திக் களைத்தவராக இருப்பார். அந்த வேலையில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டாலே அவர் தொனி மாறக்கூடும். மாறவில்லை என்றால், விக்கிமீடியா அறக்கட்டளை 2021-இல் அறிவித்த உலகளாவிய நடத்தைக் கோவை எல்லோருக்கும் பொருந்தும். புதியவர்களுக்கு வழிகாட்டுவதை அது எதிர்பார்க்கப்படும் நடத்தையாகவே சொல்கிறது.

நான் மீளமைச்சதுதான் தப்புன்னு பிறகு தெரிஞ்சா?

அவருடைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவந்து, அவர் பேச்சுப் பக்கத்தில் “உங்கள் தொகுப்பே சரி, தவறாக மீளமைத்துவிட்டேன்” என்று எழுதுங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் மட்டும் எழுதினால் போதாது. புதியவர்கள் வரலாற்றுப் பக்கத்தைத் திறப்பது அரிது. இடையில் வேறு தொகுப்புகள் நடந்திருந்தால் தானாக மீளமைக்க முடியாது என்று மென்பொருள் சொல்லும். அப்போது பழைய பதிப்பைத் திறந்து, அவர் எழுதிய பத்தியை நகலெடுத்துக் கையால் சேர்க்க வேண்டும். அது வரலாற்றில் உங்கள் தொகுப்பாகப் பதிவாகும் என்பதால், எழுதியவர் அவர் என்று சுருக்கத்தில் பயனர்பெயரோடு குறிப்பிடுங்கள்.